லாகின் அக்கா

அவளுக்கு ஒரு பெயர் உண்டு. கழுத்தில் தொங்கும் அடையாள அட்டையில் அது இருக்கிறது. அட்டை எப்போதும் திரும்பியே கிடப்பதால் யாரும் படித்ததில்லை. அலுவலகத்தில் எல்லோருக்கும் அவள் லாகின் அக்கா. அவளைவிட வயதில் மூத்தவர்களும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். காலையில் வந்து உட்கார்ந்து, கம்ப்யூட்டருக்குள் போக முடியவில்லை என்றால் அவள் ஞாபகம் வரும். போக முடிந்தால் வராது.

டயர் கடைக்கு மேலே, மூன்றாம் மாடியில் இருக்கிறது அலுவலகம். மாடிப்படி முழுக்க ரப்பர் வாசனை. டாக்டர்கள் நோயாளியைப் பார்த்து முடித்ததும் ஒரு கருவியில் பேசி வைப்பார்கள். அந்தப் பேச்சு இங்கே வரும். காதில் ஹெட்ஃபோன், காலுக்கடியில் பெடல். மிதித்தால் குரல் ஓடும், விட்டால் நிற்கும், குதிகாலால் அழுத்தினால் கொஞ்சம் பின்னால் போகும். கேட்டதை அறிக்கையாக அடித்துத் தர வேண்டும். அக்காவும் இந்த வேலைக்குத்தான் வந்தாள். பல வருடம் அடித்தாள். பிறகு இடது காதில் ஒரு விசில் சத்தம் ஆரம்பித்து நிற்காமல் போனது. காது டாக்டரிடம் போனாள். அவருடைய குரல் அவளுக்கு நன்றாகத் தெரியும். எந்த இடத்தில் மூச்சு வாங்குவார், எந்த வார்த்தைக்கு முன்னால் செருமுவார் என்பதுகூடத் தெரியும். அவருக்கு அவளைத் தெரியாது. இனிமேல் ஹெட்ஃபோனைத் தொடக்கூடாது என்றார்.

அந்த வாரம்தான் அலுவலகத்தின் தலைமைக் கம்ப்யூட்டரான சர்வரைப் பார்த்துக்கொண்டிருந்தவர் வேறு வேலை கிடைத்துச் சொல்லாமல் கொள்ளாமல் போயிருந்தார். சர்வர் அறைச் சாவி முதலாளியின் மேசைமேல் அனாதையாகக் கிடந்தது. நான் பார்த்துக்கொள்ளட்டுமா என்று கேட்டாள். முதலாளிக்கும் வேறு ஆள் இல்லை. தெரியாததைத் தெரியும் என்று சொல்லாமல் இருந்தால் சரி என்றார். அந்த ஒரு நிபந்தனையை அவள் இன்றுவரை காப்பாற்றி வருகிறாள்.

சர்வர் அறை முன்பு துடைப்பமும் உடைந்த நாற்காலிகளும் போட்டு வைத்த இடம். ஜன்னல் இல்லை. ஏசி ஓயாது, அதிலிருந்து சொட்டும் தண்ணீருக்கு ஒரு வாளி. வெளியே வெயில் கொளுத்தும் நாளிலும் அவள் உள்ளே ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். சர்வரின் இரைச்சலில் காதின் விசில் அடங்கிப்போகும். அந்த அறை தனக்குப் பிடித்ததற்கு அதுதான் காரணம் என்று ஒருமுறை கணவரிடம் சொன்னாள். வேறு யாரிடமும் சொல்லவில்லை.

யார் கூப்பிட்டாலும் அவள் கேட்கும் முதல் கேள்வி ஒன்றுதான். திரையில் என்ன எழுதியிருக்கிறது? பெரும்பாலானவர்கள் “ஏதோ எரர் வருது அக்கா” என்பார்கள்.

“ஏதோன்னா எழுதியிருக்கு? எழுத்துக்கூட்டிப் படிங்க.”

எரிச்சலோடு படிப்பார்கள். படித்து முடிப்பதற்குள் பாதிப் பேருக்குத் தாங்களே என்ன தவறு செய்தோம் என்று புரிந்துவிடும். யாருடைய பாஸ்வேர்டையும் அவள் கேட்டதில்லை. சிலர் தாங்களாகவே சொல்ல வாயெடுப்பார்கள். விசிலடிக்கும் காதை ஃபோனில் வைத்துக்கொண்டு, கேட்கவில்லை என்பாள்.

நோயாளிகளின் விவரம் அலுவலகத்தை விட்டு வெளியே போகக்கூடாது. அதனால் எல்லா வேலையும் சர்வருக்குள்ளேயே நடக்கும். அடிப்பவர் எங்கிருந்தாலும் தன் கம்ப்யூட்டரிலிருந்து சர்வருக்குள் நுழைந்து அங்கேதான் அடிக்க வேண்டும். புதிதாக வருபவர்களுக்கு அவள் இப்படிச் சொல்வாள்: உங்ககிட்ட இருக்கிறது ஜன்னல், அறை இங்கே இருக்கு. ஜன்னல் எந்த வீட்டில் இருந்தாலும் ஒன்றுதான் என்பதால், மூன்றாம் மாடியில் நாற்காலி போட இடமில்லாமல் போனபோது முதலாளி பாதிப் பேரை வீட்டிலிருந்தே வேலை செய்யச் சொன்னார். பெரும்பாலும் பெண்கள். கைக்குழந்தை உள்ளவர்கள், மாடி ஏற முடியாதவர்கள், வீட்டில் யாரையாவது பார்த்துக்கொள்ள வேண்டியவர்கள்.

அவர்களில் ஒருத்தி அக்காவின் அண்ணி. அக்காவின் அண்ணன் லாரி ஓட்டியவர். ரோட்டில் ஒரு கீறல் விழாமல் ஓட்டினேன் என்பார். அது உண்மை. நின்றிருந்த லாரியின் மேலே ஏறித் தார்ப்பாய் கட்டும்போது விழுந்தார். இடுப்புக்குக் கீழே இயக்கமில்லை. வாய் மட்டும் முன்பைவிட நன்றாக ஓடுகிறது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அவரைத் திருப்பிப் படுக்க வைக்க வேண்டும், இல்லையென்றால் புண் வரும். அண்ணியால் அந்த வீட்டை விட்டு நகர முடியாது. கல்யாணத்துக்கு முன் ஒரு வக்கீலிடம் டைப்பிஸ்டாக இருந்தவள் என்பதால் அக்கா முதலாளியிடம் சொல்லிப் பார்த்தாள். மாதிரிக்கு ஒரு ஒலிப்பதிவைக் கொடுத்தனுப்பி வீட்டிலிருந்தே அடிக்கச் சொன்னார். அடித்ததைப் பார்த்த பிறகு, இவரை ஏன் இத்தனை நாளாக வீட்டில் வைத்திருந்தீர்கள் என்று கேட்டார். அண்ணனின் மருந்தும் வீட்டு வாடகையும் அப்போதிருந்து அண்ணியின் பத்து விரல்களில் நடக்கின்றன.

ஆரம்பத்தில் வீட்டுக்காரர்கள் அக்காவை ஓயாமல் கூப்பிட்டார்கள். வீட்டிலிருந்து வேலை செய்பவர்களுக்கு அலுவலகத்தில் அதுதான் பெயர். கொஞ்ச மாதங்களாக அந்தக் கூப்பாடு குறைந்து, பிறகு அநேகமாக நின்றேவிட்டது. எல்லோரும் பழகிவிட்டார்கள் என்று அக்கா நினைத்தாள். அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

ஒரு வியாழக்கிழமை காலை முதலாளியே கூப்பிட்டார். மூன்று மாதத்துக்கு முன் வாங்கிய அவருடைய புது லேப்டாப் சர்வருக்குள் நுழைய மறுத்தது. திரையில் என்ன எழுதியிருக்கிறது என்று அவரிடமும் கேட்டாள். அவரும் எரிச்சலோடு படித்தார். லைசென்ஸ் தருவதற்கு லைசென்ஸ் சர்வர் எதுவும் கிடைக்கவில்லையாம்.

“அப்படின்னா என்னம்மா? நான் முதலாளின்னு அதுக்குத் தெரியாதா?”

“அது ஆளைப் பாக்காது சார். மிஷினைத்தான் பாக்கும்.”

உண்மை. சர்வருக்குள் நுழைய அலுவலகம் வாங்கி வைத்திருந்த லைசென்ஸ்கள் ஆளுக்கு ஒன்று என்ற கணக்கில் வாங்கியவை அல்ல, கம்ப்யூட்டருக்கு ஒன்று. ஒரு கம்ப்யூட்டர் முதல்முறை வரும்போது சர்வர் அதற்கு ஒரு தற்காலிகச் சீட்டைத் தரும். அடுத்தமுறை வரும்போது, கையிருப்பில் லைசென்ஸ் இருந்தால் அதை நிரந்தரச் சீட்டாக மாற்றித் தரும். கையிருப்பு இல்லையென்றால் தற்காலிகச் சீட்டு மூன்று மாதம் ஓடும், பிறகு கதவு சாத்திக்கொள்ளும். முதலாளியின் லேப்டாப்புக்கு நடந்தது இதுதான். ஆனால் கையிருப்பு ஏன் இல்லை என்பது அவளுக்குப் புரியவில்லை. ஆட்களைவிட லைசென்ஸ்கள் கூடுதலாகவே வாங்கியிருந்தார்கள்.

அவசரமாக ஒரு அறிக்கையில் கையெழுத்துப் போட வேண்டும், முதலில் என்னை உள்ளே விடுங்கள், பிறகு ஆராய்ச்சி பண்ணுங்கள் என்றார் முதலாளி. சர்வரைப் பராமரிப்பவர்கள் நுழைவதற்கென்று ஒரு தனி வழி உண்டு. அதற்கு லைசென்ஸ் தேவையில்லை. அந்த வழியாகப் போனால் எல்லோருடைய கோப்பும் தெரியும், ஒரு இடத்தில் தவறாகக் கைபட்டால் எல்லோருடைய வேலையும் போகும். அவள் அவரை அந்த வழியாக விட்டு, அவர் வேலை முடியும்வரை பக்கத்திலேயே நின்றாள். முடிந்ததும் அனுமதியை எடுத்துவிட்டாள். திருடனைக் காவல் காக்கிற மாதிரி நிற்கிறீர்களே என்றார்.

பிறகு ஒவ்வொன்றாகப் பார்த்தாள். லைசென்ஸ் கொடுக்கும் பகுதி ஓடிக்கொண்டுதான் இருந்தது. சர்வர் சரியான இடத்தில்தான் லைசென்ஸைத் தேடியது. கடிகாரம் சரி. கடைசியில் எந்தெந்தக் கம்ப்யூட்டருக்கு லைசென்ஸ் போயிருக்கிறது என்று திறந்து பார்த்தாள். வீட்டுக்காரர்களின் கம்ப்யூட்டர்களுக்கு அவளேதான் பெயர் வைத்திருந்தாள். மாடிவீடு, இரட்டைப்பிள்ளை, கண்ணாடி, அண்ணி என்று, அவளுக்கு அடையாளம் தெரியும்படி. அந்தப் பெயர்கள் இருந்தன. அவற்றோடு, எழுத்தும் எண்ணும் கலந்த, யாரும் வைக்காத பெயர்கள் நிறைய இருந்தன. அலுவலகத்தில் மொத்தம் இருக்கும் ஆட்களைவிட அதிகம். எல்லாம் லைசென்ஸை வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தன.

தெரியாத பெயர்களிடமிருந்து லைசென்ஸைப் பிடுங்க வழி இருந்தது. ஆனால் மொத்தத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் பிடுங்க சர்வர் விடாது. முடிந்தவரை பிடுங்கினாள். முதலாளியின் லேப்டாப்புக்கு ஒன்று கிடைத்தது. மறுநாள் மாலைக்குள் மீதி எல்லாம் தீர்ந்துவிட்டது. இன்னும் சில தெரியாத பெயர்கள் வந்து அவற்றை எடுத்துக்கொண்டிருந்தன.

எங்கேயோ ஓட்டை இருக்கிறது என்று அவள் முதலாளியிடம் சொன்னாள். அவர் திரையைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு கதவைச் சாத்தச் சொன்னார்.

அவருக்குத் தோன்றியது வேறு. வீட்டுக்காரர்கள் தங்கள் வேலையை வெளி ஆட்களுக்குப் பிரித்துக் கொடுக்கிறார்கள். பாஸ்வேர்டைக் கொடுத்து, வேறு யாரையோ, வேறு எங்கேயோ உட்காரவைத்து அடிக்கிறார்கள். இல்லையென்றால் இத்தனை புதுக் கம்ப்யூட்டர்கள் எப்படி வரும்? யாருக்கோ இருக்கும் நோய் யார் யார் வீட்டிலோ ஒலிக்கிறது. ஒரு மருத்துவமனைக்குத் தெரிந்தால் போதும், கடையை மூட வேண்டியதுதான். அவர் கோபமாகப் பேசவில்லை. மாதம் பிறந்ததும் எல்லோரும் அலுவலகத்துக்கு வந்துவிட வேண்டும், வீட்டு வேலை கிடையாது, கீழே டயர் கடைக்குப் பின்னால் ஒரு கூடம் காலியாக இருக்கிறது, பேசிவிடுகிறேன் என்றார்.

“வர முடியாதவங்க சார்?”

“வர முடியாதவங்க வேணாம்மா.” கொஞ்சம் நிறுத்திவிட்டு, “உங்க அண்ணி விஷயம் எனக்குத் தெரியும். அவங்களுக்கு மட்டும் ஒரு நியாயம்னு வைக்க முடியாது. நீங்களே வைக்க மாட்டீங்க” என்றார்.

மாதம் பிறக்க ஒரு வாரம்கூட இல்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் அக்கா அண்ணன் வீட்டுக்குப் போவாள். அண்ணனைக் குளிப்பாட்ட இரண்டு பேர் வேண்டும். ஒரே அறை, நடுவில் கட்டில், கட்டிலின் கால்மாட்டில் மேசை, மேசைமேல் கம்ப்யூட்டர். அண்ணி அடித்துக்கொண்டே அண்ணனைப் பார்க்கலாம், அண்ணன் படுத்துக்கொண்டே திரையைப் பார்க்கலாம். அலுவலகச் செய்தியை எப்படிச் சொல்வது என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்தாள். உள்ளே நுழைந்ததும் அண்ணன் ஆரம்பித்துவிட்டார்.

“பாப்பா, உங்க அண்ணி மறுபடியும் என் லாரியைத் தூக்கிட்டா.”

நாற்பத்தைந்து வயதிலும் அவருக்கு அவள் பாப்பாதான். அண்ணியும் அப்படியே கூப்பிட்டுப் பழகிவிட்டாள். அக்கா திரையைப் பார்த்தாள். அதில் எப்போதும் அண்ணனுடைய லாரியின் படம் இருக்கும். நீல முகப்பு, பக்கத்தில் சாய்ந்து நிற்கும் அண்ணன். இப்போது இல்லை. புதுக் கம்ப்யூட்டரில் வருகிற படம் இருந்தது.

“மறுபடியும்னா?”

“ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை. ஃபார்மட் பண்றாளாம். நான் ஃபோன்ல இருந்து படத்தை அனுப்புவேன், இவ போடுவா, அப்புறம் திரும்பத் துடைப்பா.”

“துடைச்சா நல்லா ஓடுது. வேற என்ன?” என்றாள் அண்ணி, அடுப்பைப் பார்த்தபடி.

அக்கா நாற்காலியில் உட்கார்ந்தாள். அண்ணி சொன்னதைக் கேட்டாள். முதல்முறை லைசென்ஸ் என்று ஏதோ வந்து கதவு திறக்கவில்லை. அவசர அறிக்கை ஒன்று பாதியில் நின்றது. தெருமுனை ரிப்பேர் கடைக்காரர் வந்து எல்லாவற்றையும் அழித்து, புதிதாக ஏற்றிக் கொடுத்தார். உடனே உள்ளே போக முடிந்தது. அடுத்தமுறை அவரைக் கூப்பிடாமல் தானே செய்ய, பென்டிரைவில் போட்டு வாங்கி வைத்துக்கொண்டாள். அதன்பிறகு கொஞ்சம் மெதுவானாலும் ஃபார்மட், திரை ஒரு நிமிடம் உறைந்தாலும் ஃபார்மட். இரட்டைப்பிள்ளைக்காரிக்குக் கதவு சாத்தியபோது அவளுக்கும் சொல்லிக் கொடுத்தாள். அவள் கண்ணாடிக்காரிக்கு. பென்டிரைவ் தொலைந்துவிடாமல் இருக்க ஒரு சிவப்பு நூலில் பழைய சாவியைக் கட்டி வைத்திருக்கிறார்கள். இட்டிலித் தட்டு இரவல் போகிற மாதிரி அது வீடு வீடாகப் போய்க்கொண்டிருக்கிறது. இப்போது மாடிவீட்டில் இருக்கிறது.

“எல்லாருக்கும் நான்தான் டாக்டர் இப்ப” என்றாள் அண்ணி. “ஃபோன் பண்ணி, ‘அண்ணி, நாடி விழுந்துடுச்சு’ன்னுதான் ஆரம்பிப்பாங்க. உன்னைத் தொந்தரவு பண்றதே இல்ல, கவனிச்சியா?”

அக்கா கவனித்திருந்தாள்.

அவள் நடந்ததைச் சொன்னாள். சர்வர் கொடுக்கும் சீட்டு கம்ப்யூட்டருக்குள்தான் இருக்கும். முதல்முறை அது கெட்டுப்போயிருக்க வேண்டும். எல்லாவற்றையும் அழித்தால் சீட்டும் அழியும். அழிந்தது சர்வருக்குத் தெரியாது. பழைய சீட்டை அந்தப் பழைய கம்ப்யூட்டர் பத்திரமாக வைத்திருப்பதாக நினைத்துக்கொண்டு மாதக்கணக்கில் காத்திருக்கும். அதே கம்ப்யூட்டர் புதுப் பெயரோடு வந்து நிற்கும்போது யாரோ அந்நியர் என்று இன்னொன்றைக் கொடுக்கும். அழித்துவிட்டு வந்தால் புது ஆளுக்குத் தரும் தற்காலிகச் சீட்டு கிடைப்பதால், மருந்து வேலை செய்வதாகவே தெரியும். அந்த மருந்தால்தான் கையிருப்பு காலியாகி, மற்றவர்களுக்கும் கதவு சாத்திக்கொள்கிறது. அவர்களும் அதே மருந்தைச் சாப்பிடுகிறார்கள். வியாழக்கிழமை முதலாளியைத் தனி வழியில் விட்டதையும், அவர் என்ன நினைக்கிறார், மாதம் பிறந்ததும் என்ன செய்யப்போகிறார் என்பதையும் சொன்னாள்.

அண்ணி அடுப்பை அணைத்தாள்.

“உன்கிட்ட முதல் தடவை கேட்டேன். ஞாபகம் இருக்கா? சாயங்காலம் பாக்கறேன் அண்ணின்னு சொன்ன. சாயங்காலம் வரைக்கும் அந்த அறிக்கை காத்திருக்குமா? அதுக்கப்புறம் எத்தனை தடவை கூப்பிடறது? சொந்தக்காரின்னு சலுகை எடுத்துக்கறான்னு நாலு பேர் பேசுவாங்க. உன் சிபாரிசுல வந்தவ. உன் பேரைக் காப்பாத்தத்தான் கூப்பிடாம இருந்தேன்.”

அக்காவுக்கு அந்த முதல்முறை ஞாபகம் இல்லை. அப்படிச் சொல்லியிருக்கக்கூடியவள்தான் என்பது மட்டும் தெரிந்தது.

அண்ணன் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். முதலாளியைத் தனி வழியில் விட்டாயே, அந்த வழியில் இவளையும் விட்டுவிடேன் என்றார். விளையாட்டாகச் சொல்வது போலத்தான் ஆரம்பித்தார். முடிக்கும்போது குரலில் விளையாட்டு இல்லை. அண்ணி அக்காவைப் பார்த்தாள். முடியாது என்று அக்கா சொன்னாள். அந்த வழியாக வந்தால் எல்லாருடைய கோப்பும் தெரியும், மற்றவர்கள் வேலை போய் அண்ணி மட்டும் அந்த வழியாக வந்துகொண்டிருந்தால் நானே அங்கே இருக்க முடியாது என்றாள்.

“வேணாம்” என்றாள் அண்ணி. “பின்பக்கமா வர்ற பழக்கம் எனக்கும் இல்ல.”

சரிசெய்ய வழி இருந்தது. சர்வரில் லைசென்ஸ் கணக்கு வைக்கும் பகுதியை முழுக்க அழித்துவிட்டு, வாங்கிய லைசென்ஸ்களை மறுபடி ஏற்றலாம். எல்லோரும் முதலிலிருந்து வந்து வாங்கிக்கொள்ளலாம். ஃபார்மட் நிற்காமல் அதைச் செய்தால் பிரயோசனம் இல்லை என்றாள் அக்கா.

“இரு, இரு” என்றார் அண்ணன். “அப்ப நீயும் ஃபார்மட்தானே பண்ணப்போற? அவ பண்ணா குத்தம், நீ பண்ணா வைத்தியமா? ரெண்டு பேரும் சேர்ந்து என்னையும் ஒரு தடவை ஃபார்மட் பண்ணிடுங்க, காலு வந்தாலும் வரும்.”

அண்ணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு, அவரைக் குளிப்பாட்டத் தண்ணீர் எடுக்கப் போனாள்.

முதலாளியிடம் யார் சொல்வது என்பதுதான் மிச்சம். நானே சொல்கிறேன் என்றாள் அக்கா. அண்ணி ஒப்புக்கொள்ளவில்லை. நீ சொன்னால் அண்ணியைக் காப்பாற்றக் கதை கட்டுகிறாள் என்பார், நானே போய்ச் சொல்கிறேன், சொன்னால் நம்பமாட்டார், செய்து காட்டுகிறேன் என்றாள். அவள் வெளியே போக வேண்டுமானால் யாராவது இங்கே இருக்க வேண்டும். திங்கட்கிழமை அக்கா அங்கே இருப்பது, அண்ணி அலுவலகம் போவது என்று முடிவாயிற்று. அண்ணி வேலைக்குச் சேர்ந்து இத்தனை காலத்தில் அந்த அலுவலகத்தை ஒருமுறைகூடப் பார்த்ததில்லை.

திங்கட்கிழமை காலை அண்ணி நல்ல சேலை கட்டிக்கொண்டாள். மாடிவீட்டுக்குப் போய்ச் சிவப்பு நூலோடு பென்டிரைவை வாங்கிக்கொண்டு பஸ் ஏறினாள். அக்கா அண்ணியின் நாற்காலியில் உட்கார்ந்தாள். அது தேய்ந்து ஒரு பக்கம் சரிந்திருந்தது. பெடலுக்குக் கீழே நழுவாமல் இருக்க ஒரு பழைய லாரி மிதியடி. அண்ணனைத் திருப்பிப் படுக்கவைக்கும்போது, அண்ணி அதை எவ்வளவு சுலபமாகச் செய்வாள் என்பது நினைவுக்கு வந்தது. இவளுக்கு மூச்சு வாங்கியது. “க்ளட்சை மெதுவா விடு பாப்பா” என்றார் அண்ணன்.

ஃபோன் வந்தது. முதலாளி. ஒலிபெருக்கியில் போட்டிருந்தார், அண்ணனும் கேட்கட்டும் என்று இவளும் போட்டாள். அக்கா முன்கூட்டியே அவரிடம் கேட்டுக்கொண்டபடி, லைசென்ஸ் விவரம் அவருடைய திரையில் திறந்திருந்தது. மூலையில் கிடந்த பழைய கம்ப்யூட்டர் ஒன்றை அண்ணி கேட்டு வாங்கி, பென்டிரைவைச் செருகி அழிக்க ஆரம்பித்தாள். அது முடியும்வரை கீழே டயர் கடையில் காற்றடிக்கும் சத்தம்கூட ஃபோனில் கேட்டது. பிறகு அண்ணி தன் பெயரில் சர்வருக்குள் நுழைந்தாள். முதலாளியின் திரையில், எழுத்தும் எண்ணும் கலந்த, யாரும் வைக்காத பெயர் ஒன்று புதிதாக வந்து உட்கார்ந்தது.

இன்னொருமுறை செய்யச் சொன்னார். செய்தாள். இன்னொரு பெயர் வந்தது.

“இதை உங்களுக்கு யாரு சொல்லிக் குடுத்தது?”

“ரிப்பேர் கடைக்காரர் சார். மத்தவங்களுக்கு நான்.”

“எல்லாருக்குமா?”

“கேட்டவங்களுக்கெல்லாம்.”

“வேற யாரையாவது உக்கார வெச்சு அடிக்க விட்டிருக்கீங்களா?”

“என் வீட்டுல உக்கார்ற மாதிரி இருக்கிறது நான் ஒருத்திதான் சார்.”

கட்டிலில் அண்ணன் சத்தமில்லாமல் சிரித்தார். ஃபோனின் மறுபக்கம் முதலாளி ஏதோ கேட்டதும் அண்ணி பதில் சொன்னதும் சரியாகக் கேட்கவில்லை. அக்கா ஃபோனை நல்ல காதுக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள். இனிமேல் அவர்கள் கம்ப்யூட்டருக்கு ஏதாவது வந்தால் யாரைக் கூப்பிடுவார்கள் என்று முதலாளி கேட்டுக்கொண்டிருந்தார்.

“என்னைத்தான் சார் கூப்பிடுவாங்க. பழகிட்டாங்க.”

“அப்ப நீங்க லாகின் அக்காவைக் கூப்பிடுங்க. அந்த நிமிஷமே. லாகின் அக்கா, கேக்குதா? சாயங்காலம் பாக்கறேன்னு சொல்லக்கூடாது.”

அண்ணி அதையும் சொல்லியிருக்கிறாள். “கேக்குது சார்” என்றாள் அக்கா.

வீட்டு வேலை இருக்கட்டும் என்றார். இப்போதைக்கு. தெரியாத பெயர் இன்னும் ஒன்று வந்தால் கூடம்தான். பென்டிரைவை அங்கேயே வாங்கி வைத்துக்கொண்டார்.

அக்கா எல்லோரையும் சர்வரிலிருந்து வெளியேறி, அவரவர் கம்ப்யூட்டருக்குப் பழைய பெயரையே வைக்கச் சொல்லிச் செய்தி அனுப்பினாள். அண்ணியின் கம்ப்யூட்டரிலிருந்தே தனி வழியில் நுழைந்து லைசென்ஸ் கணக்கை முழுக்க அழித்தாள். வாங்கியவற்றை மறுபடி ஏற்றினாள். ஒருமுறை தவறாகி, திரும்ப ஏற்றினாள். திரையில் வெற்றுப் பட்டியல் ஒன்று நின்றது. ஒரு பெயரும் இல்லை. இடையில் அண்ணியின் கம்ப்யூட்டருக்கும் பெயர் வைத்துவிடலாம் என்று தோன்றியது. பழையபடி அண்ணி என்று வைக்கப் போனாள்.

“இங்க அண்ணி யாருக்கு? உனக்குத்தான். அந்த மிஷினுக்கு என் லாரி நம்பரை வை” என்றார் அண்ணன். “படத்தைத்தான் துடைச்சுக்கிட்டே இருக்கா.”

நம்பரை அவர் கண்ணை மூடிக்கொண்டு சொன்னார். அவள் அடித்தாள்.

வேலை முடிந்துவிட்டது. கதவைத் திறக்க வேண்டியதுதான். ஆனால் அண்ணி வரவில்லை. அலுவலகத்திலிருந்து கிளம்பி வெகுநேரம் ஆகியிருந்தது. அக்காவின் ஃபோன் அடித்துக்கொண்டே இருந்தது. இரட்டைப்பிள்ளைக்காரி கூப்பிட்டாள், கண்ணாடிக்காரி கூப்பிட்டாள், அலுவலகத்திலிருந்து இரண்டு பேர். உள்ளே போகலாமா அக்கா? இன்னும் கொஞ்ச நேரம் என்றாள் எல்லோரிடமும். சொந்தக்காரர்களுக்கென்று அவள் வேலையில் செய்த ஒரே சலுகை அதுதான்.

அண்ணி வந்தபோது முகம் வெயிலில் சிவந்திருந்தது. ஒரு நிறுத்தம் முன்னாலேயே இறங்கி நடந்து வந்தாளாம். ஏன் என்று அண்ணன் கேட்டார். சும்மாதான் என்றாள். சேலையை மாற்றாமலே நாற்காலியில் உட்கார்ந்து பாஸ்வேர்டை அடித்தாள். அக்கா அந்தப் பக்கம் பார்க்காமல் திரும்பி நின்றாள். கதவு திறந்தது. அதன்பிறகு மற்றவர்களுக்கும் திறந்துவிட்டாள்.

அன்று சாயங்காலம் அண்ணி வீட்டுக்காரர்கள் ஒவ்வொருவராகக் கூப்பிட்டுப் பேசியதை அக்கா பாத்திரம் துலக்கிக்கொண்டே கேட்டாள். இனி யாரும் ஃபார்மட் பண்ணக்கூடாது, பழைய மருந்து இப்போது ஒத்துக்கொள்ளவில்லை, நானே நேரில் போய் முதலாளியிடம் பேசி சர்வரையே சரிபண்ண வைத்துவிட்டேன், ஏதாவதென்றால் என்னிடம் சொல்லுங்கள், திரையில் என்ன எழுதியிருக்கிறதோ அதை அப்படியே எழுத்துக்கூட்டிப் படிக்க வேண்டும், ஏதோ என்று சொல்லக்கூடாது. அக்கா அடுத்த பாத்திரத்தை எடுத்தாள்.

மறுநாள் சர்வர் அறையில் வாளித் தண்ணீரைக் கொட்டிவிட்டு வந்து உட்கார்ந்தபோது முதலாளி கூப்பிட்டார். தினமும் காலையில் அவரே லைசென்ஸ் விவரத்தைத் திறந்து பார்ப்பதென்று வைத்திருந்தார்.

“முதல் வரியில ஒரு நம்பர் இருக்கு. எனக்குத் தெரியாத பேரு. இது எந்த மிஷின்?”

“அது லாரி சார்” என்றாள் அக்கா.

“எங்க நிக்குது?”

“அண்ணி வீட்டுல சார்.”

சரி என்று வைத்துவிட்டார். அவள் ஸ்வெட்டரை எடுத்துப் போட்டுக்கொண்டாள்.